உறைந்த தேங்காய் எண்ணெயை எக்ஸெல்லில் உருக்குவோம்

மார்கழி, தை மாதங்களில் மூலனூர், வெள்ளக்கோவில், காங்கேயம் பக்கத்து வீடுகளில் விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டு விழாது. எண்ணெய் வெண்ணெய் போல் கட்டியாகி இருக்கும். பாட்டிலை வெயிலில் வைத்தால் முதலில் ஓரம் உருகும், நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி வெகு நேரம் அப்படியே இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளைகள் அவசரப்படும்போதுதான் அந்தக் கட்டி கரையவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

அந்தக் கட்டி எத்தனை நிமிடத்தில் கரையும் என்பதை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் எக்ஸெல்லைத் திறந்து பால் கணக்கு, சீட்டுக் கணக்கு போடுவதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். அதே எக்ஸெல்லில், அதே கூட்டல் கழித்தலை வைத்து, ஒரு பொருள் உருகுவதையும் உறைவதையும் நடத்திக் காட்டலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் மென்பொருளில் செய்யலாம். பார்முலாக்கள் இரண்டிலும் ஒன்றே.

இதை விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். உருகும்போது வெப்பத்தை உறிஞ்சி, உறையும்போது திருப்பித் தரும் பொருட்களுக்கு நிலைமாற்றப் பொருட்கள் என்று பெயர். துணி உலகத்தில் பி.சி.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்த மெழுகை நுண்ணிய உறைகளில் அடைத்துத் துணியில் ஏற்றும் நுட்பம், 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தின் ஆதரவில் விண்வெளி வீரர்களின் கையுறைக்காக ஆராயப்பட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் அவுட்லாஸ்ட் என்ற பிராண்டு. உடல் சூட்டைச் சமன் செய்யும் துணி என்ற பேச்சு திருப்பூர் பனியன் தொழிலில் இருப்பவர்கள் காதிலும் விழுந்திருக்கும். அப்படி ஒரு துணி எவ்வளவு நேரம் குளிர்ச்சி தரும்? கட்டுரையின் கடைசியில் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். அதற்கு முன் எண்ணெயை உருக்கிப் பழக வேண்டும்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

சாதாரணமாக ஒரு பொருளுக்கு வெப்பம் கொடுத்தால் அதன் வெப்பநிலை ஏறும். தேங்காய் எண்ணெய் 1 கிலோவை 1 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 2 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். ஆனால் சுமார் 24 டிகிரி செல்சியஸ் வந்ததும் கதை மாறுகிறது. கட்டி எண்ணெய் உருகத் தொடங்குகிறது. இனி எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும், முழுவதும் உருகி முடியும் வரை வெப்பநிலை ஏறாமல் அப்படியே நிற்கும். 1 கிலோவை உருக்கி முடிக்க மட்டும் சுமார் 100 கிலோ ஜூல் வேண்டும். உருகிய எண்ணெய்க்கு இதே 100 கிலோ ஜூலைக் கொடுத்திருந்தால் 50 டிகிரி சூடேறியிருக்கும்! பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அது இதுதான்.

இப்போது சிக்கல் புரிகிறதா? தெர்மாமீட்டர் 24 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். எண்ணெய் முழுக்கக் கட்டியா, பாதி உருகியதா, முழுக்கத் தண்ணீராகிவிட்டதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மூன்றுக்கும் ஒரே எண்தான். ஆகவே வெப்பநிலையை மட்டும் எழுதிக் கொண்டு போகும் கணக்கு, உருகும் இடத்தில் தடுமாறிவிடும்.

இதற்கு வழி, நம் கடைக்காரர்கள் நோட்டுப் போடும் வழியேதான். வெப்பத்துக்கு ஒரு பேரேடு போடுங்கள். ஒவ்வொரு அடுக்கு எண்ணெயிலும் எவ்வளவு வெப்பம் வரவு, எவ்வளவு செலவு, இருப்பு எவ்வளவு என்று எழுதுங்கள். இருப்பைப் பார்த்து வெப்பநிலையைத் தெரிந்து கொள்ளலாம். வெப்பநிலையைப் பார்த்து இருப்பைத் தெரிந்து கொள்ள முடியாது. இந்த இருப்புக்குத்தான் பொறியியலில் என்தால்பி என்று பெயர். இந்த வழிக்கு என்தால்பி முறை என்று பெயர். பெயர் மிரட்டினாலும் வேலை எளிது.

கட்டியாகவும் சரியாக 24 டிகிரியிலும் இருக்கும் எண்ணெயின் இருப்பை 0 என்று வைத்துக் கொள்வோம். (கடலின் உயரத்தை 0 என்று வைத்துக் கொண்டு மலையை அளப்பது போலத்தான், எங்கே வைத்தாலும் சரி.) அப்படியானால் இருப்பு 0-க்குக் கீழே போனால் அது குளிர்ந்த கட்டி. 0 முதல் 100 வரை என்றால் உருகிக் கொண்டிருக்கிறது, வெப்பநிலை 24. இருப்பு 100-ஐத் தாண்டினால் முழுக்க உருகி, மேலே சூடேறிக் கொண்டிருக்கிறது. எல்லாம் 1 கிலோவுக்கு எத்தனை கிலோ ஜூல் என்ற கணக்கு.

எதை உருக்கப் போகிறோம்?

ஒரு எவர்சில்வர் தட்டில் 2 செ.மீ. கனத்துக்கு எண்ணெய் உறைந்து கிடக்கிறது, 20 டிகிரியில். அதன் ஒரு பக்கம் 40 டிகிரி வெந்நீரைத் தொட்டபடி இருக்கிறது. மறுபக்கம் தெர்மோகோல் வைத்து மூடியிருக்கிறது, அந்தப் பக்கமாக வெப்பம் போகாது. இந்த 2 செ.மீ.-ஐ 4 மில்லி மீட்டர் கனமுள்ள 5 அடுக்குகளாக மனதுக்குள் வெட்டிக் கொள்ளுங்கள். முதல் அடுக்கு வெந்நீர்ப் பக்கம், ஐந்தாவது அடுக்கு தெர்மோகோல் பக்கம். ஒவ்வொரு அடுக்கும் பக்கத்து அடுக்கோடு மட்டும் வெப்பத்தைக் கொடுத்து வாங்கும். 30 விநாடிக்கு ஒரு முறை பேரேட்டில் ஒரு வரி எழுதுவோம்.

30 விநாடியில் எவ்வளவு வெப்பம் கைமாறும்? எண்ணெயின் வெப்பக் கடத்துதிறன் மிகவும் குறைவு, சுமார் 0.2. அதாவது 4 மி.மீ. இடைவெளியில் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால் 1 சதுர மீட்டர் வழியாக விநாடிக்கு 50 ஜூல் போகும். 30 விநாடிக்கு 1500 ஜூல், அதாவது 1.5 கிலோ ஜூல். 1 சதுர மீட்டர் பரப்பில் 4 மி.மீ. கனமுள்ள எண்ணெயின் எடை ஏறத்தாழ 3.7 கிலோ. 1.5-ஐ 3.7-ஆல் வகுத்தால் 0.4. நமக்கு வேண்டிய எண் இதுதான். இந்த ஒரு எண் கிடைத்துவிட்டால் மீதி எல்லாம் எக்ஸெல் பார்த்துக் கொள்ளும்.

ஷீட்டைத் தயார் செய்வோம்

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். கீழே தமிழில் அச்சாகியுள்ள ஏ, பி, சி, இஃப் போன்றவற்றை நீங்கள் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். ஷீட்டின் மேலே நெடுவரிசைகளுக்கு உள்ள எழுத்துகளே அவை. இஃப் என்பது 'இப்படி இருந்தால்' என்று பொருள் தரும் எக்ஸெல் பங்ஷன். நட்சத்திரக் குறி பெருக்கலுக்கும் சாய்கோடு வகுத்தலுக்கும்.

முதலில் ஓரமாக மூன்று எண்களை வைத்துக் கொள்வோம். என்1 செல்லில் 24 (உருகும் வெப்பநிலை), என்2 செல்லில் 100 (உள்ளுறை வெப்பம்), என்3 செல்லில் 0.4 என்று டைப் செய்யுங்கள். இவற்றைப் பார்முலாவுக்குள் நேரடியாக எழுதாமல் தனிச் செல்லில் வைப்பதால், பிறகு மாற்றிப் பார்ப்பது சுலபம்.

முதல் வரிசை தலைப்புகளுக்கு. ஏ நெடுவரிசை நேரம் (விநாடி). பி முதல் எஃப் வரை ஐந்து அடுக்குகளின் வெப்ப இருப்பு. ஜி வெந்நீரின் வெப்பநிலை. ஹெச் முதல் எல் வரை அதே ஐந்து அடுக்குகளின் வெப்பநிலை.

இரண்டாம் வரிசை தொடக்க நிலை. ஏ2-ல் 0. பி2 முதல் எஃப்2 வரை ஐந்திலும் -8 (24-க்கு 4 டிகிரி கீழே, டிகிரிக்கு 2 கிலோ ஜூல், ஆகவே மைனஸ் 8). ஜி2-ல் 40. இனி ஹெச்2 செல்லுக்குப் போய் இதை டைப் செய்யுங்கள்:

=இஃப்(பி2<0,$என்$1+பி2/2,இஃப்(பி2>$என்$2,$என்$1+(பி2-$என்$2)/2,$என்$1))

எண்டர் தட்டினால் 20 என்று வர வேண்டும். வராவிட்டால் அடைப்புக் குறிகளை எண்ணிப் பாருங்கள். சில கம்ப்யூட்டர்களில் கமாவுக்குப் பதில் செமிகோலன் கேட்கும். பார்முலா நீளமாகத் தெரிந்தாலும் மேலே பேரேட்டில் சொன்னதையே சொல்கிறது. இருப்பு 0-க்குக் கீழே என்றால் குளிர்ந்த கட்டி, 100-க்கு மேலே என்றால் சூடான எண்ணெய், இரண்டும் இல்லை என்றால் 24. டாலர் குறி போட்ட செல் முகவரி, பார்முலாவை எங்கே காப்பி செய்தாலும் நகராது. போடாதது கூடவே நகரும். டாலர் போட மறந்தால் ஷீட் தப்பான விடை தரும்.

ஹெச்2 செல்லின் வலது கீழ் மூலையில் மவுஸைக் கொண்டு போனால் பாயிண்டர் மெல்லிய பிளஸ் குறியாக மாறும். அதைப் பிடித்து எல்2 வரை இழுத்து விடுங்கள். ஐந்திலும் 20 வரும்.

மூன்றாம் வரிசையில்தான் வரவு செலவு நடக்கிறது. ஏ3-ல்:

=ஏ2+30

பி3-ல்:

=பி2+$என்$3*(2*(ஜி2-ஹெச்2)+(ஐ2-ஹெச்2))

முதல் அடுக்குக்கு வெந்நீரில் இருந்து வரவு, இரண்டாம் அடுக்குக்குச் செலவு. முதலில் உள்ள 2 எதற்கு என்றால், வெந்நீர்ப் பக்கத்துச் சுவரில் இருந்து முதல் அடுக்கின் நடுப்பகுதிக்கு 2 மி.மீ. தூரம்தான். பாதித் தூரம், ஆகவே இரட்டிப்பு வெப்பம். சி3-ல்:

=சி2+$என்$3*(ஹெச்2-2*ஐ2+ஜே2)

இதை இ3 வரை இழுத்து விடுங்கள். கடைசி அடுக்கான எஃப்3-ல், மறுபக்கம் தெர்மோகோல் என்பதால் ஒரு பக்க வரவு மட்டும்:

=எஃப்2+$என்$3*(கே2-எல்2)

ஜி3-ல் =ஜி2 என்று கொடுங்கள். ஹெச்2 முதல் எல்2 வரை தேர்வு செய்து ஒரு வரிசை கீழே இழுங்கள். பிறகு ஏ3 முதல் எல்3 வரை முழுவதையும் தேர்வு செய்து 302-ஆவது வரிசை வரை இழுத்து விடுங்கள். இரண்டரை மணி நேரம் ஒரு நொடியில் ஓடி முடிந்திருக்கும்.

சரியாகச் செய்தோமா என்று பார்க்க, பி நெடுவரிசையின் முதல் சில எண்கள் இவை: -8, 8, 19.2, 30.72. ஒரு சோதனையும் உண்டு. ஜி2-ல் 40-க்குப் பதில் 20 போடுங்கள். வெந்நீரும் எண்ணெயும் ஒரே சூடு என்பதால் 302 வரிசையிலும் எதுவும் மாறக் கூடாது. மாறினால் எங்கோ ஒரு குறி தப்பு. சரி பார்த்ததும் மறக்காமல் 40-ஐத் திரும்பப் போடுங்கள்.

ஷீட் என்ன சொல்கிறது?

ஏ நெடுவரிசையையும் ஹெச் முதல் எல் வரையும் தேர்வு செய்து, இன்செர்ட் மெனுவில் சார்ட் போய், ஸ்கேட்டர் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து கோடுகள் வரும். ஒவ்வொரு கோடும் 24-ஐத் தொட்டதும் படுத்துவிடும், கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மேலே போகும். முதல் அடுக்கின் படுக்கை மிகச் சிறியது. சுமார் நாலரை நிமிடத்தில் அது உருகி முடிந்துவிடுகிறது. ஐந்தாம் அடுக்கோ இரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான் உருகி முடிகிறது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐந்தும் ஒரே கனம், ஒரே எடை. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? உள்ளே உள்ள அடுக்குக்கு வெப்பம் போக வேண்டுமானால், ஏற்கனவே உருகிய எண்ணெயைத் தாண்டித்தான் போக வேண்டும். உருகிய எண்ணெயே ஒரு கம்பளி போல் வழியை மறிக்கிறது. உருக உருகக் கம்பளி தடிக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் உருகப் பிடிக்கும் நேரம் ஏறத்தாழ 1, 3, 5, 7, 9 என்ற விகிதத்தில் ஏறும். இவற்றை வரிசையாகக் கூட்டிப் பாருங்கள்: 1, 4, 9, 16, 25. கனம் இரண்டு மடங்கு என்றால் நேரம் நான்கு மடங்கு. கனம் ஐந்து மடங்கு என்றால் நேரம் இருபத்தைந்து மடங்கு. வியன்னாவில் இருந்த இயற்பியலாளர் யோசப் ஸ்டெஃபான் 1889-ல் துருவக் கடலில் பனிக்கட்டி எப்படித் தடிக்கிறது என்று கணக்கிட்டபோது கண்டதும் இதே இருபடி விதிதான். அந்த விதியை நீங்கள் எங்கேயும் டைப் செய்யவில்லை. வெறும் வரவு செலவில் இருந்து அது தானாக வந்திருக்கிறது.

இப்போது என்2 செல்லில் உள்ள 100-ஐ அழித்துவிட்டு 0 போடுங்கள். உள்ளுறை வெப்பம் என்ற ஒன்றே இல்லை என்று வைத்துக் கொள்வதற்குச் சமம். கடைசி அடுக்கு 24 டிகிரியைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகிறது? பத்துப் பன்னிரண்டு நிமிடம்! இரண்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டு நிமிடம் என்று சொல்லிவிடுகிறது. வெப்பநிலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர் விழும் குழி இதுதான்.

இன்னொரு குழி கம்ப்யூட்டர்க்காரர்களுக்கே உரியது. 300 வரிசை அதிகமாக இருக்கிறதே, 30 விநாடிக்குப் பதில் 2 நிமிடத்துக்கு ஒரு வரி எழுதினால் என்ன என்று தோன்றும். என்2-ல் 100-ஐத் திரும்பப் போட்டுவிட்டு, என்3-ல் 0.4-க்குப் பதில் 1.6 போடுங்கள். ஏ3-ல் 30-க்குப் பதில் 120 போட்டு மறுபடியும் கீழே இழுங்கள். ஐந்தாம் வரிசையில் முதல் அடுக்கின் வெப்பநிலையைப் பாருங்கள். 48.4 டிகிரி. வெந்நீரே 40 டிகிரிதான், அதைத் தொட்ட எண்ணெய் 48 டிகிரி! அடுத்த வரிசையிலேயே அது மறுபடி 24-க்கு வந்து பாதி உறைந்து கிடக்கும். இது எண்ணெயின் குணம் அல்ல, கணக்கின் கோளாறு. நாம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்க்கிறோம். அதற்குள் வந்து குவிந்த வெப்பம், தேவையைத் தாண்டிப் போய்விடுகிறது. நம் ஷீட்டில் என்3-ன் மதிப்பு 0.66-ஐத் தாண்டாமல் இருக்கும் வரை பயமில்லை. அடுக்கை இன்னும் மெலிதாக வெட்டினால் நேரத்தையும் சிறிதாக்க வேண்டும். கனத்தைப் பாதியாக்கினால் நேரத்தைக் கால் பங்காக்க வேண்டும், அங்கேயும் அதே இருபடி. பெரிய மென்பொருளில் வேலை செய்கிறவர்களும் இந்தத் தொல்லையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் அச்சடித்துத் தந்துவிட்டது என்பதற்காக 48.4 டிகிரியை நம்பிவிடாதீர்கள்.

இனி உறைய வைப்போம்

என்3-ஐ 0.4-க்கும் நேரத்தை 30-க்கும் மாற்றுங்கள். பி2 முதல் எஃப்2 வரை 112 போடுங்கள் (30 டிகிரியில் உள்ள உருகிய எண்ணெய்). ஜி2-ல் 16. வரிசைகளை 602 வரை இழுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். உருகுவதற்கு எழுதிய அதே பார்முலாக்கள் உறைவதற்கும் செல்லும், பேரேட்டில் வரவும் செலவும் ஒரே கூட்டல்தானே. 16 டிகிரி குளிர்ந்த நீரைத் தொட்டபடி இருந்தால் 2 செ.மீ. எண்ணெய் உறைய ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும்.

ஆனால் நம் வீட்டுப் பாட்டில் நீரில் இல்லை, காற்றில் இருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் வாங்கிக் கொள்ளாது. அதைக் காட்ட, பி3 பார்முலாவில் முதலில் வரும் 2-க்குப் பதில் 0.18 போட்டு, 1502 வரிசை வரை இழுங்கள். இப்போது உறைந்து முடிய 10 மணி நேரத்தைத் தாண்டும். நன்றாகக் குளிர்ந்த ஒரு மார்கழி இரவு முழுவதும்! சாயங்காலம் ஊற்றும்போது ஓடிய எண்ணெய், காலையில்தான் கட்டியாக இருக்கிறது, நடு இரவில் எழுந்து பார்த்தால் ஓரம் மட்டும் வெளுத்திருக்கிறது என்றால் காரணம் இதுதான். பாட்டிலுக்கு எல்லாப் பக்கமும் காற்றுப் படுவதால் தட்டைவிடக் கொஞ்சம் சீக்கிரம் உறையலாம்.

எங்கே இந்த ஷீட்டை நம்பக் கூடாது?

காங்கேயம், வெள்ளக்கோவில் வட்டாரத்தில் கொப்பரை உலர்களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைய. அங்கே எண்ணெய் 15 கிலோ டின்னில் வரும். டின்னின் அகலம் சுமார் 23 செ.மீ. ஓரத்தில் இருந்து நடுவுக்கு 11.5 செ.மீ., நம் தட்டைப் போல் ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இருபடி விதிப்படி நேரம் 33 மடங்கு. அதாவது வெந்நீரில் நிறுத்தினாலும் டின் உருக 66 மணி நேரம்! இரண்டே முக்கால் நாள்! டின்னை உருக்கிப் பழகியவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

ஷீட் எங்கே தவறியது? நான்கு பக்கமும் வெப்பம் வருவதை அது பார்க்கவில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உருகிய எண்ணெய் சும்மா இருப்பதில்லை. சூடான எண்ணெய் ஓரமாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். இந்தச் சுழற்சி வெப்பத்தை அள்ளிக் கொண்டு போய்க் கட்டியின் மேல் கொட்டுகிறது. நம் ஷீட்டில் எண்ணெய் நகரவே இல்லை, கையைக் கட்டிக் கொண்டு நிற்கிறது. உறையும்போது இந்தத் தவறு குறைவு, கட்டி ஓடாதல்லவா. ஆக, மெல்லிய அடுக்குக்கும் உறைவதற்கும் ஷீட்டை நம்பலாம். கனமான பாத்திரத்தில் உருகுவதற்கு நம்பக் கூடாது. அவசரத்துக்கு உருக்க வேண்டுமானால் எண்ணெயை அகலமான பாத்திரத்தில் மெல்லிசாகப் பரப்புங்கள் என்ற யோசனை மட்டும் இரண்டு வகையிலும் சரிதான்.

எண்ணெய் நகர்வதையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை வாலர், பிரகாஷ் ஆகிய இருவரும் 1987-ல் வெளியிட்டார்கள். பாதி உருகிய அடுக்கை நுண்துளைகள் உள்ள பஞ்சு போல் வைத்துக் கொள்வது அவர்கள் யுக்தி. முழுக் கட்டி என்றால் துளை அடைபட்டு ஓட்டம் நின்றுவிடும், முழுக்க உருகினால் துளை திறந்து தாராளமாக ஓடும். ஆன்சிஸ் ஃப்ளூயன்ட் போன்ற பெரிய மென்பொருட்களில் உருகுதல், உறைதல் பகுதி இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. ஓப்பன்ஃபோம் என்ற இலவச மென்பொருளிலும் இதைச் செய்யலாம், ஆனால் அது லினக்ஸும் பொறுமையும் கேட்கும். நாம் போட்டது போல் இடத்தைச் சிறு கட்டங்களாக்கி ஒவ்வொன்றுக்கும் வரவு செலவு எழுதும் வழியைத் தெளிவாக எழுதி உலகம் முழுவதும் கொண்டு சென்றதில், புனேயில் பொறியியல் படித்த சுகாஸ் பதங்கருக்குப் பெரும் பங்கு உண்டு. 1980-ல் வந்த அவரது சிறிய புத்தகத்தை இன்றும் இந்தத் துறை மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. தேங்காய் எண்ணெய் பல கொழுப்புகளின் கலவை. அது சரியாக 24-ல் உருகாது, இரண்டு மூன்று டிகிரிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். உறையும்போது 24-க்குக் கீழே போயும் உறையாமல் ஏமாற்றும். நான் தந்த எண்கள் எல்லாம் வேலைக்காக முழுமையாக்கப்பட்டவை.

இப்போது பனியன் துணி

நுண்ணிய உறைகளில் அடைக்கும் மெழுகுகளில் ஒன்று ஆக்டாடெகேன். சுமார் 28 டிகிரியில் உருகும், கிலோவுக்கு 200 கிலோ ஜூலுக்கு மேல் உறிஞ்சும். தேங்காய் எண்ணெயைப் போல் இரண்டு மடங்கு. 160 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி துணியில் சதுர மீட்டருக்கு 50 கிராம் மெழுகை ஏற்றிவிட்டோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். துணி எடையில் மூன்றில் ஒரு பங்கு, தாராளமான அளவுதான். அது உறிஞ்சக் கூடிய மொத்த வெப்பம் 10 கிலோ ஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல், சதுர மீட்டருக்கு விநாடிக்கு ஏறத்தாழ 58 ஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. 10,000-ஐ 58-ஆல் வகுங்கள். 172 விநாடி. மூன்று நிமிடம் கூட இல்லை!

துணி மெல்லியது என்பதால் இருபடி விதி இங்கே தொல்லை தராது, மெழுகு உடனுக்குடன் உருகிவிடும். அதுதான் பிரச்சினையும். மூன்று நிமிடத்தில் பேரேட்டில் இருப்பு நிரம்பிவிட்டால், அதற்குப் பிறகு அது சாதாரணத் துணிதான். ஏ.சி. அறைக்கும் வெயிலுக்கும் மாறி மாறிப் போய் வருகிறவருக்கு, உள்ளே மெழுகு உறைந்து வெளியே உருகி, அந்த மாற்றத்தின் வேகத்தைத் தணிக்கும். உடல் வெப்பத்தின் ஒரு பகுதி வியர்வை வழியாகவும் போவதால் மூன்று நிமிடம் கொஞ்சம் நீளலாம். ஆனால் 'நாள் முழுவதும் குளிர்ச்சி' என்று லேபிளில் அச்சடிக்கச் சொன்னால், அச்சடிக்கும் முன் இந்த வகுத்தலை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

நேரம் நீள வேண்டுமானால் எடை ஏற வேண்டும், வேறு வழியில்லை. 2 கிலோ மெழுகு வைத்த மேல்சட்டை 400 கிலோ ஜூல் உறிஞ்சும். விநாடிக்கு 100 ஜூல் என்று எடுத்துக் கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். சூடான ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படிப்பட்ட சட்டைகள் உண்டு, ஆனால் யாரும் அதைப் போட்டுக் கொண்டு கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்காக 2011-ல் இந்தியாவில் அறிமுகமான எம்ப்ரேஸ் என்ற வெப்பப் பையிலும் மெழுகுதான். அது 37 டிகிரியில் உறைந்து கொண்டே சில மணி நேரம் குழந்தைக்குச் சூட்டைக் கொடுக்கும். பையில் மெழுகு தாராளமாக இருக்கிறது, குழந்தையின் உடலோ மிகச் சிறியது, அதனால் கணக்கு ஒத்து வருகிறது.

ஷீட்டைச் சேமிக்கும்போது உருகுவதை ஒரு பெயரிலும் உறைவதை ஒரு பெயரிலும் தனித்தனி பைலாகச் சேமியுங்கள். ஒன்றின் மேல் ஒன்றை எழுதிவிட்டால் 0.18 எங்கே இருந்தது, 2 எங்கே இருந்தது என்று தேட வேண்டி வரும். நெய்யை வைத்துச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் என்1-ஐ 32 ஆக்கிவிட்டு, பி2 முதல் எஃப்2 வரை உள்ள -8-ஐ -24 என்று மாற்ற மறந்துவிடாதீர்கள்.